மலையகத்தில் ஓடும் நவீன வாகனங்களின் மின்னணுக் கட்டுப்பாட்டை அளவுத்திருத்தம் செய்வது: முழுமையான வழிகாட்டி

நுவரெலியாவில் இருந்து ஒரு வேகன் ஆர் எங்கள் கராஜுக்கு வந்தது. சொந்தக்காரர் கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் மூன்று மெப் சென்சர்கள் (இன்டேக்கில், அதாவது எஞ்சினுக்குக் காற்று போகும் வழியில், அழுத்தத்தை அளப்பவை). மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். மலைக்குக் கீழே ஒரு நகரத்தில் இருந்து ஸ்கேனரோடு வந்து பார்த்தவர், "அளவு குறைவாகக் காட்டுகிறது, சென்சர் போய்விட்டது" என்று முதலில் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதை நம்பி அடுத்தவரும் மாற்றினார். மூன்று சென்சரும் நுவரெலியாவில் 81 கிலோபாஸ்கல் காட்டின. மூன்றுமே நல்ல சென்சர்கள்! நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தமே அவ்வளவுதான். உண்மையான கோளாறு, இன்டேக்கில் வெடித்துப்போன ஒரு ரப்பர் குழாய்.

மலையில் வேலை செய்கிறவர்களுக்கு என்று ஒரு வழிகாட்டி வேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. கொழும்பில் சரியான எண் இங்கே சரியான எண் அல்ல. அங்கே சாதாரணமாகக் கிடைக்கும் சமதளம் இங்கே தேடினாலும் கிடைக்காது. இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். கராஜ் வைத்திருக்கும் தம்பிமாருக்காக எழுதுகிறேன். ஆனால் தன் வாகனத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்பும் சொந்தக்காரருக்கும் இது புரியும்.

எதைத் திருத்துகிறோம்

"கொம்பியூட்டரை செட் பண்ணணும்" என்று சொல்லி வருகிறவர்கள் மூன்று வேறு வேறு விஷயங்களை ஒரே பெயரில் சொல்கிறார்கள்.

ஒன்று, வாகனம் செய்த கம்பனி ஈ.சி.யூ.வுக்குள் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கொம்பியூட்டருக்குள்) எழுதி வைத்த அட்டவணைகள். எந்தச் சுழற்சியில், எந்தப் பாரத்தில், எவ்வளவு எரிபொருள், எப்போது தீப்பொறி என்பதெல்லாம் அதில் இருக்கும். இதை நாம் தொடுவதில்லை. வேகம் கூட்டித் தருகிறேன் என்று இதை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ரம்பொடை இறக்கத்தில் குடும்பத்தோடு போகிற வாகனத்தில் அந்த விளையாட்டு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது, ஓடி ஓடி ஈ.சி.யூ. தானாகக் கற்றுக்கொண்ட அளவுகள். த்ரொட்டில் (எஞ்சினுக்குக் காற்றை விடும் தட்டு) எவ்வளவு திறந்தால் எஞ்சின் அமைதியாக நிற்கும், இந்த எஞ்சினுக்கு எரிபொருளை எவ்வளவு கூட்டிக் குறைக்க வேண்டும், கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது போன்றவை. பாகம் ஒன்றை மாற்றினால், அல்லது கழுவிச் சுத்தம் செய்தால், பழைய பாடம் பொருந்தாது. மறுபடி கற்பிக்க வேண்டும்.

மூன்றாவது, சென்சர்களின் பூச்சியப் புள்ளி. ஸ்டியரிங் நேராக இருப்பது எது, வாகனம் சமமாக நிற்பது எது, கமரா பார்க்கும் திசை எது என்று ஈ.சி.யூ.வுக்குச் சொல்லிக் கொடுப்பது.

இரண்டாவதும் மூன்றாவதும்தான் நம் வேலை. இரண்டும் கடைசியில் செய்யும் வேலைகள். கோளாறைத் திருத்தாமல் கற்பித்தால் ஈ.சி.யூ. கோளாறையே சரி என்று கற்றுக்கொள்ளும்.

முதல் படி: ஸ்கேனரை எடுப்பதற்கு முன்

பற்றரியில் இருந்து தொடங்குங்கள். எஞ்சினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து அளந்தால் நல்ல 12 வோல்ட் பற்றரி 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. அந்த நிலையில் எந்த லேர்னிங்கும் (ஈ.சி.யூ.வுக்குக் கற்பிக்கும் வேலையும்) செய்யாதீர்கள். இக்னிஷனைப் போட்டு ஸ்கேனரை இணைத்து அரை மணி நேரம் வைத்தால் வோல்ட் இன்னும் இறங்கும். நடுவில் ஈ.சி.யூ.வுக்கு மின்சாரம் அறுந்தால் பாதி எழுதிய நினைவோடு நிற்கும். ஹைபிரிட் வாகனங்களில் இது இன்னும் மோசம். ரெடி விளக்கு எரியாமல் இக்னிஷன் மட்டும் போட்டிருந்தால் பெரிய பற்றரி சின்னப் பற்றரிக்கு உதவி செய்யாது. வேலை முடியும்வரை நிலையான சார்ஜர் ஒன்றை மாட்டி வையுங்கள். பக்கத்தில் நிற்கும் லொறியில் இருந்து கேபிள் இழுக்கவே கூடாது. பெரும்பாலான பெரிய லொறிகளும் பஸ்களும் 24 வோல்ட்.

அடுத்து ஏர்த். நானுஓயா, லிந்துலைப் பக்கம் பனியிலும் மழையிலும் நனைந்தபடியே கிடக்கும் வாகனங்களில் பாதிக் கோளாறு இங்கேதான். எஞ்சின் பிளொக்குக்கும் பற்றரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே மீற்றரை வைத்து, ஸ்டார்ட் அடிக்கும்போது பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த ஏர்த் ஒயரைக் கழற்றி, துருவைச் சுரண்டி, இறுக்கிப் பூட்டுங்கள். கண்ணால் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று விட்டுவிடாதீர்கள். வெளியே பளபளப்பாக இருந்து உள்ளே பச்சை பிடித்த முனைகளை எத்தனையோ பார்த்துவிட்டேன்.

டயர் நான்கும் ஒரே அளவா, காற்று சமமா என்று பாருங்கள். காற்று வடிகட்டியையும் பாருங்கள். தோட்டப் பாதையில் ஓடும் வாகனம் என்றால் மண் தூசி நிறைந்திருக்கும்.

இவை முடிந்த பிறகு ஸ்கேனரை மாட்டுங்கள். 16 முனைகள் உள்ள ஓ.பி.டி. சொக்கெட், சாரதியின் முழங்காலுக்கு மேலே டாஷ்போர்டின் அடியில் இருக்கும். மலிவான புளூடூத் ஈ.எல்.எம்.327 கருவியும் ஒரு கைப்பேசியும் இருந்தால் எஞ்சின் அளவுகளைப் படிக்கலாம். ஆனால் பூச்சியப் புள்ளி எழுதவோ கிளட்சுக்குக் கற்பிக்கவோ அது போதாது. அதற்கு அந்தந்தக் கம்பனியின் மென்பொருளோ, பல கம்பனி வாகனங்களுக்கும் பொருந்தும் நல்ல ஸ்கேனரோ வேண்டும். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்து, பாவித்த நிலையில் இங்கே வந்த கார்கள்தான் நம்மிடம் அதிகம். சில மாடல்களில் பொதுவான ஓ.பி.டி. மொழி பாதிதான் வேலை செய்யும். வாங்குமுன் உங்கள் ஊரில் ஓடும் கார்களில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

கோட் (ஈ.சி.யூ. பதிந்து வைக்கும் கோளாறுக் குறியீடு) வந்தவுடன் அழிக்க வேண்டாம். ஆரம்ப காலத்தில் நானும் அந்தப் பிழையைச் செய்தேன். ஒரு வானில் கோட்டை அழித்துவிட்டேன். கோட் விழுந்த கணத்தில் வேகம், வெப்பம், பாரம் எவ்வளவு என்று சேர்த்து வைத்திருந்த பதிவும் அதோடு போய்விட்டது. அந்தக் கோளாறு மறுபடி வர மூன்று வாரம் ஆனது. இப்போது முதல் வேலையே, திரையைக் கைப்பேசியில் படம் எடுத்து வைப்பது. கோட், அந்தக் கணத்தின் பதிவு, எரிபொருள் ட்ரிம் (ஈ.சி.யூ. எரிபொருளைக் கூட்டிக் குறைத்திருக்கும் அளவு) என்று எல்லாவற்றையும்.

இரண்டாம் படி: மலையின் எண்களைத் தெரிந்துகொள்வது

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போடுங்கள். மெப் சென்சர் இப்போது வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்ட வேண்டும். கடல் மட்டத்தில் அது 101 கிலோபாஸ்கல். பதுளையில் ஏறத்தாழ 93, ஹட்டனில் 87, நுவரெலியாவில் 81. வானிலையைப் பொறுத்து ஒன்று இரண்டு கூடக் குறைய வரலாம். உங்கள் கராஜ் இருக்கும் இடத்தின் எண்ணை, நல்ல வாகனங்கள் நாலைந்தில் அளந்து, சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். நுவரெலியாவில் நிற்கும் ஒரு கார் 100 காட்டினால் சந்தேகப்பட வேண்டியது அந்தக் காரைத்தான்.

இதே கணக்கு, இன்டேக்கின் உறிஞ்சலை அளக்கும் வெக்யூம் மீற்றருக்கும் பொருந்தும். கடல் மட்டத்தில் நல்ல எஞ்சின் ஐட்லில் (எக்ஸிலேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) 18 முதல் 22 அங்குலம் காட்டும் என்று பழைய பாஸ்மார் சொல்லித் தந்திருப்பார்கள். ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் ஓர் அங்குலம் குறையும். நுவரெலியா ஆறாயிரம் அடிக்கும் மேல். அங்கே 13, 14 அங்குலம் காட்டும் எஞ்சின் நல்ல எஞ்சின். அதைப் பார்த்து வால்வைப் பிரிக்கத் தொடங்கிவிடாதீர்கள்.

வெப்பத்துக்கு வருவோம். இரவெல்லாம் வெளியே நின்ற வாகனத்தைக் காலையில் பார்ப்பது சென்சர் பரிசோதனைக்கு மிக நல்ல வழி. எஞ்சின் நீரின் வெப்பம், உள்ளே வரும் காற்றின் வெப்பம், வெளி வெப்பம் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். காலையில் வெளியே 12 பாகை என்றால் மூன்றும் 12ஐ ஒட்டி. ஒன்று மட்டும் 30 என்று சொன்னால் அந்தச் சென்சரையோ அதன் ஒயரையோ பிடித்துவிட்டீர்கள். காசு செலவில்லாத பரிசோதனை இது. ஆனால் நடுப்பகலில் வரும் வாகனத்தில் செய்ய முடியாது. வாகனத்தை முதல் நாள் மாலையே விட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

எஞ்சின் நீரின் வெப்பத்தைக் காக்கும் வால்வான தெர்மோஸ்டட்டைப் பற்றிக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. ஏற்றத்தில் சூடாகிறது என்று வரும் வாகனங்களில் தெர்மோஸ்டட்டைக் கழற்றி எறிந்துவிட்டு அனுப்பும் பழக்கம் இங்கே வேரூன்றிவிட்டது. பழைய கார்புரேட்டர் வண்டிக்கு அது பெரிதாகத் தெரியாமல் போயிருக்கலாம். ஈ.சி.யூ. உள்ள எஞ்சின் 80 பாகையைத் தாண்டும்வரை தான் இன்னும் குளிரில் இருப்பதாகவே நினைத்து எரிபொருளைக் கூட்டி ஊற்றும். நுவரெலியாக் குளிரில், தெர்மோஸ்டட் இல்லாத எஞ்சின் இறக்கத்தில் 60 பாகைக்கு இறங்குவதை நானே பதிவு செய்து பார்த்திருக்கிறேன். ஹைபிரிட் என்றால் சூடேற்றுவதற்காகவே எஞ்சின் அடிக்கடி ஓடும். பெற்றோல் போகிறது, ப்ளக் கறுக்கிறது, கடைசியில், எஞ்சின் போதிய சூடு அடையவில்லை என்று சொல்லும் பி0128 கோட் விழுகிறது. அப்புறம் எந்த லேர்னிங் செய்தாலும் நிற்காது. புதுத் தெர்மோஸ்டட்டைப் போட்ட பிறகே மேலே போங்கள்.

ஏற்றத்தில் சூடாவதற்கு ரேடியேட்டர் மூடியைப் பாருங்கள். நுவரெலியாவில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். பல கார்களில் விசிறி ஓடத் தொடங்குவதே 95 பாகையை ஒட்டி. மூடியின் ரப்பர் போய் அழுத்தம் நிற்காவிட்டால், விசிறி சுற்றுமுன்பே நீர் கொதித்து வெளியேறும். கொழும்பில் அதே மூடி இன்னும் கொஞ்சக் காலம் தாக்குப்பிடித்திருக்கும்.

மூன்றாம் படி: எரிபொருள் ட்ரிம்

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு நீண்டகால ட்ரிம்மையும் குறுகியகால ட்ரிம்மையும் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை மேலும் கீழும் 5 சதவீதத்துக்குள் என்றால் மிக நன்று. 10 வரை பொறுக்கலாம். அதற்கு மேல் என்றால் ஈ.சி.யூ. எதையோ ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது.

எங்கே ஈடுகட்டுகிறது என்பதில்தான் விடை இருக்கும். ஐட்லில் பிளஸ் 20, ஆனால் நிமிடத்துக்கு 2500 சுழற்சியில் 5க்கு இறங்குகிறது என்றால் எங்கோ காற்றுக் கசிவு. ஐட்லில் சரி, ஏற்றத்தில் பிளஸ் ஏறிக்கொண்டே போகிறது என்றால் எரிபொருள் போதவில்லை: பம்ப், வடிகட்டி, அல்லது அழுக்குப் பிடித்த மாஃப் சென்சர் (உள்ளே போகும் காற்றின் அளவை அளப்பது). கினிகத்தேனையில் இருந்து ஹட்டன் ஏறும் வழி இந்தப் பரிசோதனைக்குக் கிடைத்த வரம். பாரத்தோடு நீண்ட நேரம் ஏற முடியும். சாரதி பாதையைப் பார்க்கட்டும், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து திரையைப் பார்க்கட்டும். தனியாகப் போகும்போது இதைச் செய்யவே வேண்டாம்.

மாஃப் சென்சரைக் கழுவ அதற்கென்று விற்கும் ஸ்ப்ரேயை மட்டும் பாவியுங்கள். கார்புரேட்டர் கிளீனர் அடித்தால் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி போய்விடும். துணியால் துடைக்கவும் கூடாது.

நான்காம் படி: த்ரொட்டில் லேர்னிங்

த்ரொட்டிலில் கரி சேரச் சேர, ஈ.சி.யூ. தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதலாகத் திறந்து ஐட்லைக் காப்பாற்றும். நாம் கரியைச் சுத்தமாகக் கழுவிவிட்டால் அந்தத் திறப்பு இப்போது அதிகம். அதனால்தான் சேவிஸ் முடிந்து போன கார், "சேவிஸ் பண்ணினதும் கத்துது பாஸ்" என்று மறுநாளே திரும்பி வருகிறது. மலையில் த்ரொட்டில் கொஞ்சம் கூடத் திறந்திருப்பதும் இயல்பு, காற்று மெலிதல்லவா. ஆகவே கீழ் நாட்டில் எடுத்த சதவீதத்தோடு ஒப்பிட வேண்டாம்.

கையால் தட்டைத் தள்ளிக் கழுவுவதாக இருந்தால் இக்னிஷன் போட்டிருக்கவே கூடாது. மோட்டரின் பல்சக்கரம் உடையும்.

ஹொண்டாவில் ஐட்ல் கற்பிப்பது எளிது. ஏ.சி., விளக்கு, ரேடியோ எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஸ்கேனரில் ஈ.சி.எம். ரீசெட் செய்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்து, கியர் போடாமல் 3000 சுழற்சியில் விசிறி ஓடும்வரை, அல்லது நீர் 90 பாகை ஆகும்வரை பிடியுங்கள். பிறகு காலை எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் ஐட்லில் விடுங்கள். விசிறி ஓடும் நேரத்தை அந்த ஐந்து நிமிடத்தில் சேர்க்கக் கூடாது. ஹைபிரிட்டில் எஞ்சினை விரும்பியபடி ஓட விட முடியாது, ஆகவே அதற்கு ஸ்கேனரில் உள்ள பராமரிப்பு முறைதான் வழி.

நிசானில் பல மாடல்களுக்குப் பொருந்தும் ஒரு முறை இருக்கிறது. கடிகாரம் கையில் வேண்டும். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி நிறுத்துங்கள். பத்து விநாடி கழித்து, காலை வைக்காமல் இக்னிஷனைப் போட்டு மூன்று விநாடி காத்திருங்கள். அடுத்த ஐந்து விநாடிக்குள் எக்ஸிலேட்டரை முழுதாக மிதித்து விடுவதை ஐந்து தடவை செய்யுங்கள். ஏழு விநாடி காத்திருந்து, மறுபடி முழுதாக மிதித்துப் பிடித்துக்கொள்ளுங்கள். எஞ்சின் விளக்கு மினுங்கத் தொடங்கி, ஏறத்தாழ இருபது விநாடியில் மினுங்காமல் நிலையாக எரியும். எரிந்ததும் மூன்று விநாடிக்குள் காலை எடுத்து, ஸ்டார்ட் செய்து ஐட்லில் விடுங்கள். முதல் தடவையில் பிடிபடாவிட்டால் மனம் தளர வேண்டாம், நேரத்தை எண்ணுவதில்தான் பிசகியிருக்கும்.

டொயோட்டாவிலும் சுசுகியிலும் பெரும்பாலும் சூடான எஞ்சினைப் பாரமில்லாமல் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட விட்டால் தானே கற்றுக்கொள்ளும்.

டீசல் வான்களுக்கு ஒரு வார்த்தை. கொமன் ரெயில் இன்ஜெக்டர் ஒவ்வொன்றின் தலையிலும் எழுத்தும் எண்ணுமாக ஒரு நீண்ட குறியீடு அச்சிட்டிருக்கும். எந்தச் சிலிண்டருக்கு எந்த இன்ஜெக்டர் போகிறதோ அந்தக் குறியீட்டை ஈ.சி.யூ.வில் எழுத வேண்டும். பூட்டிய பிறகு குனிந்து படிக்க முடியாது, முன்பே படம் எடுத்து வையுங்கள். பம்பின் உறிஞ்சு கட்டுப்பாட்டு வால்வை மாற்றினால் பம்ப் லேர்னிங்கையும் ஸ்கேனரில் புதிதாகத் தொடங்க வேண்டும்.

ஐந்தாம் படி: சமதளம் தேடுவது

இனி பூச்சியப் புள்ளி. வாகனம் சறுக்காமல் காக்கும் கட்டுப்பாடு, ஏற்றத்தில் பின்னால் உருளாமல் பிடிக்கும் வசதி, சில சீ.வி.டி. (படிகள் இல்லாமல் மாறும்) கியர் பெட்டிகள், இவை எல்லாம் சரிவை உணரும் ஜீ சென்சரை நம்பியிருக்கின்றன. "இதுதான் சமம்" என்று அதற்குச் சொல்லிக் கொடுக்கும்போது வாகனம் உண்மையில் சமமாக நிற்க வேண்டும். சரிந்த இடத்தில் கற்பித்தால், சமதளத்தில் போகும்போதும் ஏற்றம் என்று நினைக்கும். எங்கள் ஊர்களில் கராஜ் எல்லாம் பாதையோரச் சரிவில்தான். தரை கண்ணுக்குச் சமமாகத் தெரியும், ஆனால் மழைநீர் ஓட வேண்டும் என்று சாய்த்தே கொங்கிரீட் போட்டிருப்பார்கள்.

மேசன்மார் பாவிக்கும் தண்ணீர்க் குழாய் மட்டம்தான் நான் கண்ட மிகச் சிறந்த வழி. உள்ளே நீர் தெரியும் பத்து மீற்றர் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வாங்கி, காற்றுக் குமிழி இல்லாமல் நீர் நிரப்புங்கள். ஒரு முனையை முன் சில்லு நிற்கும் இடத்திலும் மறு முனையைப் பின் சில்லு நிற்கும் இடத்திலும் பிடித்து, தரையில் இருந்து நீர்மட்டம் எத்தனை சென்ரிமீற்றர் என்று அளவுகோலால் பாருங்கள். நான்கு சில்லுக்கும் அளந்து எழுதுங்கள். இரண்டரை மீற்றர் சில்லு இடைவெளி உள்ள காரில் முன்னுக்கும் பின்னுக்கும் 4.4 சென்ரிமீற்றர் வித்தியாசம் இருந்தால் அது ஒரு பாகைச் சரிவு. நான் ஒரு சென்ரிமீற்றருக்குள் கொண்டு வருவேன். அதாவது கால் பாகைக்கும் குறைவு. தரை தாழ்ந்த பக்கத்துச் சில்லுகளுக்கு அடியில் அகலமான பலகை வைத்து ஏற்றலாம். ஜக்கியில் தூக்கிச் சமப்படுத்தக் கூடாது, சஸ்பென்ஷன் தொங்கிவிடும்.

ஒரு தடவை இப்படி அளந்து நான்கு இடத்தையும் பெயின்ற்றால் குறித்துவிட்டால் வாழ்நாள் முழுதும் உதவும். கராஜில் இடம் அமையாவிட்டால் பெற்றோல் ஷெட் தளம், தேயிலைத் தொழிற்சாலையின் முற்றம், பாடசாலை மைதானத்தின் ஓரம் என்று கேட்டுப் பார்க்கலாம். அங்கேயும் அளந்துதான் நம்ப வேண்டும்.

ஆறாம் படி: ஸ்டியரிங், பிரேக்

ஒழுங்கு முக்கியம். முதலில் வீல் அலைன்மென்ட். அது முடிந்த பிறகு ஸ்டியரிங் கோணச் சென்சர். அப்புறம் திருப்பத்தையும் சாய்வையும் உணரும் சென்சர்களின் பூச்சியப் புள்ளி. தலைகீழாகச் செய்தால் கோணலான ஸ்டியரிங்கை நேர் என்று கற்பித்தவர் ஆவீர்கள். கொண்டை ஊசி வளைவில், சாரதி திருப்பியதை விடக் கூடுதலாகத் திருப்பியதாகக் கணக்கிட்டு ஒரு சில்லுக்கு பிரேக் பிடிக்கும் அமைப்பு அது. ஹப்புத்தளையில் இருந்து பெரகலைக்கு இறங்கும் பாதையில், ஒரு பக்கம் பள்ளத்தோடு, அது நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

பூச்சியப் புள்ளி எழுதும்போது ஸ்டியரிங் நேராக, கியர் பார்க்கிங் (P) நிலையில், கதவுகள் மூடி, வாகனத்தைத் தொடாமல் அசையாமல் இருக்க வேண்டும். உள்ளே பிள்ளைகள் இருந்தால் இறக்கிவிடுங்கள். சில டொயோட்டாக்களில் ஓ.பி.டி. சொக்கெட்டின் இரண்டு முனைகளை ஒயரால் தொட்டுச் செய்யும் முறை உண்டு. முனை மாடலுக்கு மாடல் மாறுகிறது. 16ஆம் முனை நேரே பற்றரியின் பிளஸ், 4ம் 5ம் ஏர்த். ஒயர் தவறி அதில் பட்டால் பியூஸோடு போகாமலும் இருக்கலாம். ஸ்கேனரில் செய்வதையே நான் விரும்புகிறேன். முடித்ததும் நேரான பாதையில் ஓட்டிப் பார்த்து, கோணம் பூச்சியத்தை ஒட்டி இரண்டு மூன்று பாகைக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். நேரான பாதை கிடைப்பதும் இங்கே சிரமம்தான். நூறு மீற்றர் கிடைத்தாலும் போதும், போகும்போதும் வரும்போதும் பாருங்கள்.

அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட்களின் பிரேக்கில் கை வைக்குமுன் நிதானமாக இருங்கள். சில மாடல்களில் கதவைத் திறந்தாலே பம்ப் ஓடி அழுத்தம் ஏற்றும். பேட் மாற்றும்போது அப்படி நடந்தால் பிஸ்டன் வெளியே வந்து விரலை நசுக்கும். சேவிஸ் புத்தகம் சொல்லும்படி பிரேக் கட்டுப்பாட்டை நிறுத்திவிட்டே கலிப்பரைத் தொடுங்கள். பிரேக் அழுத்தத்தை இயக்கும் அக்சுவேட்டரை மாற்றினால் வால்வு லேர்னிங் கட்டாயம். ஏ.பி.எஸ். பெட்டிக்குள் காற்று போயிருந்தால் பெடலை மிதித்து மட்டும் அது வெளியே வராது, ஸ்கேனரால் வால்வுகளை இயக்கித்தான் எடுக்க வேண்டும்.

கோளாறே இல்லாமல் கோளாறு என்று வருவது ஒன்று உண்டு. நுவரெலியாவில் இருந்து ரம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போது ஆயிரம் மீற்றருக்கும் மேலான இறக்கம். பாதி வழியிலேயே ஹைபிரிட் பற்றரி நிறைந்துவிடும். மேற்கொண்டு சேர்க்க இடமில்லாததால் எஞ்சினைப் பெற்றோல் இல்லாமலே வேகமாகச் சுற்றவிட்டு, அதைத் தடையாகப் பாவிக்கிறது வாகனம். பெடலில் காலே இல்லை, எஞ்சின் இரைகிறது. பயந்து போய்க் கராஜுக்கு வருவார்கள். அது வடிவமைப்பே அப்படித்தான். ஒன்றையும் ரீசெட் செய்யாதீர்கள். கியரை B நிலையில் (P அல்ல) போட்டு இறங்கினால் பிரேக் சூடாகாது என்று சொல்லி அனுப்புங்கள்.

ஏழாம் படி: கியரும் கமராவும்

தானாகக் கியர் மாற்றும் சுசுகி ஏ.ஜீ.எஸ். வாகனங்களில் கிளட்ச் தட்டையோ அதை இயக்கும் அக்சுவேட்டரையோ மாற்றினால் பிடிக்கும் இடத்தை ஸ்கேனரில் கற்பிக்க வேண்டும். கற்பிக்காமல் அனுப்பினால் ஏற்றத்தில் உதறி உதறி எடுக்கும், புதுத் தட்டும் சீக்கிரம் தேயும். டொயோட்டாவின் சீ.வி.டி.யில் பெட்டியையோ ஈ.சி.யூ.வையோ மாற்றினால் எண்ணெய் அழுத்த அளவுத்திருத்தம் உண்டு. எண்ணெயின் அளவும் வெப்பமும் சேவிஸ் புத்தகம் சொல்லும் நிலையில் இருக்க வேண்டும்.

முன் கண்ணாடியில் கமரா உள்ள கார்களில் கண்ணாடியை மாற்றினால் கமராவின் திசையைத் திருத்தியே ஆக வேண்டும். குறிப்பலகை, மில்லிமீற்றர் கணக்கில் தூரம், சம வெளிச்சம் எல்லாம் தேவை. கருவி உள்ள இடத்துக்கு அனுப்பிவிடுங்கள். கடதாசியில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டிச் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தானாக பிரேக் பிடிக்கும் ஒரு வாகனத்தில் அதைச் செய்ய எனக்குத் துணிவு வராது.

எட்டாம் படி: ஓட்டிப் பார்ப்பது

எல்லாம் முடிந்து கோட்டை அழித்தால், எரிபொருள் ட்ரிம்மும் பூச்சியத்துக்குப் போகும். முதல் நாள் கொஞ்சம் முரண்டு பிடிக்கும் என்று சொந்தக்காரரிடம் முன்பே சொல்லுங்கள். நான் ஹட்டனில் பத்து நிமிடம் ஐட்லில் விட்டு, கொட்டகலை, தலவாக்கலை வழியாக நானுஓயாவரை ஏ7 பாதையில் ஓட்டுவேன். இடையில் டவுனில் நின்று நின்று போவது, நீண்ட ஏற்றம், காலை எடுத்து உருளும் இறக்கம் மூன்றும் அந்த வழியில் கிடைக்கின்றன. இறக்கத்தில் எரிபொருள் நிற்பதையும் ஈ.சி.யூ. பார்க்க வேண்டும், அதனால் ஏறி மட்டும் திரும்பி வந்துவிடாதீர்கள். சுய பரிசோதனைகள் முடிந்தனவா என்று ஸ்கேனரில் பாருங்கள். முடியாதவை இருந்தால் இன்னும் ஒரு நாள் ஓடட்டும். வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனைக்கு முதல் நாள் கோட்டை அழித்து அனுப்புவது தவறு. ட்ரிம் கற்றுக்கொள்ளாத எஞ்சின் அங்கே சரியான எண்ணைத் தரும் என்று எதிர்பார்க்க முடியாது.

திரும்பி வந்ததும் ஐட்ல் சுழற்சி, இரண்டு ட்ரிம், நீரின் வெப்பம், ஸ்டியரிங் கோணம், இக்னிஷன் மட்டும் போட்டபோது காட்டிய அழுத்தம், இவ்வளவையும் திகதியோடும் ஊர்ப் பெயரோடும் ஒரு ஸ்டிக்கரில் எழுதிப் பொனட்டின் உட்பக்கம் ஒட்டுங்கள். ஊர்ப் பெயரை விட்டுவிடாதீர்கள். அடுத்த தடவை அந்தப் பொனட்டைத் திறப்பவர் கொழும்பில் இருக்கலாம். 87 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஹட்டன் என்று இருந்தால் அவர் அந்தச் சென்சரைக் கழற்ற மாட்டார்.